ஆளுக்கு முன்னால் புறப்பட்ட பெட்டி

பழைய கப்பல்களின் பயணிகள் பட்டியலை எடுத்துக் கொடுப்பது தூசியும் தும்மலும் நிறைந்த வேலை. அதில் தூசி மட்டும்தான் சொன்ன இடத்தில் இருக்கும். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் அந்த வேலை பார்த்தேன். நீங்களும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிறர் குடும்பப் பெருமையைச் சரிபார்த்துக் கொடுத்தவரானால், நமக்குள் அறிமுகம் தேவையில்லை.

மேல்தளம்

லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் வந்தார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலின் மேல்தளத்தில் போனவராம். ஓட்டலைப் போல உச்சி மாடிக்குத்தான் கட்டணம் அதிகம் என்று குடும்பமே நம்பியிருந்தது. அறை எண் வேண்டும் என்றார்.

அந்தப் பெயர்ப்பட்டியல் எங்களிடம் இல்லை. ஒரு துறைமுக அதிகாரியின் அறிக்கை இருந்தது: மேல்தளத்துக்காரர்களுக்கு அறை கிடையாது, திறந்தவெளியில் சொந்தப் பாயை விரித்துக்கொள்ள வேண்டும். ஆடுகளும் அதே தளத்தில்தான் வந்தன என்பதையும் வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்க வேண்டியதில்லை. அறை எண்ணை எழுத எடுத்த பேனாவை அவர் மூடினார்.

பிறகு சொன்னார்: “அதான் அண்ணே, கடைசி வரைக்கும் மழை வந்தா தாத்தா முதல்ல பாயைத்தான் சுருட்டுவாரு.”

கிழமை மறக்காதவர்

சிவஞானம் தெற்கு லண்டன் நோர்பரியிலிருந்து வந்தார். வாலிபத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்திறங்கிய தேதி குத்திய பழைய கடவுச்சீட்டு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். கொழும்பு ஆசுப்பத்திரியில் அவருடைய அக்கா படுக்கையில் இருந்தார்.

“ஆவணி கடைசிப் புதன் வெளிக்கிட்டனான். மூண்டு கிழமையில லண்டன்” என்றார், சத்தியம் செய்வது போல.

ஆவணிக் கடைசியில் புறப்பாடு, மூன்று வாரப் பயணம் என்ற கணக்கில் செப்டம்பர், அக்டோபர் பட்டியல்களை இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினேன். அவர் எந்தக் கப்பலிலும் வரவில்லை. உடன் வேலை பார்த்த பீட்டர் பழைய மாலுமி. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிழமை வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற ஆளை நம்பாதே.”

மாமி வீட்டுப் பெட்டி

சிவஞானம் மூன்றாவது தடவை வந்தபோது, வேறு கேள்வி இல்லாததால், கப்பலை விட்டு இறங்கிய நேரத்தைக் கேட்டேன்.

“வாயால புகை வந்தது தம்பி. மரத்தில ஒரு இலை இல்லை. எல்லாம் பட்டுப்போச்சு எண்டு நினைச்சன்.”

லண்டன் மரங்கள் அக்டோபர் தொடக்கத்தில் அவ்வளவு அவசரப்படுவதில்லை. “அந்தப் புதன்கிழமை கப்பலில்தான் ஏறினீர்களா?” என்றேன்.

“கப்பலிலயோ? அண்டைக்குப் பெட்டியைக் கொண்டுபோய் மாமி வீட்டில வைச்சது. புரட்டாசியில நாள் சரியில்லை எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார். கப்பல் ஐப்பசியில.”

நல்ல நாளில் பெட்டி படி தாண்டினால் ஆளும் புறப்பட்டதாகவே கொள்வது நம் வழக்கம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். சாத்திரம் தரும் தவணை சில நாள்தான். ஒன்றரை மாதம் என்று எங்கும் படித்ததில்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் பட்டியலின் மூன்றாம் தாளில் இருந்தார்: சிவஞானம், மாணவர், வயது இருபத்திரண்டு. தாளைத் தொடக் கூடாது என்பது விதி. அவர் தொட்டார். பீட்டர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான் ஆவணியில வெளிக்கிட்டது உண்மைதான் தம்பி. கப்பல்தான் பிந்திப்போச்சு.”

மறுபடியும் புதன்

முத்திரையிட்ட நகல் போதுமாக இருந்தது. புதிய கடவுச்சீட்டு வந்தது. அக்கா இன்னும் இருந்தார். தம்பி வரும் நாளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நானும் அப்போது நோர்பரியில்தான் குடியிருந்தேன். ஒரு புதன்கிழமை மாலை வீட்டு மணி அடித்தது. வாசலில் சிவஞானம், பெரிய பெட்டியோடு. விமானம் சனிக்கிழமை. பெட்டியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

“சனி சரியான நாள் இல்லை. அதுவரைக்கும் இது இஞ்சை இருக்கட்டும். ஆரும் கேட்டால், நான் இண்டைக்கே வெளிக்கிட்டிட்டன் எண்டு சொல்லும்.”

கப்பல் எப்போது கிளம்பியது என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். ஆள் எப்போது கிளம்பினார் என்பதற்கு, பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.