வண்டலூர் தாண்டினா நின்னுடும்

டிக்... டிக்... டிக்...

ஓடின பைக்கை ஆஃப் பண்ணதும், சூடான இன்ஜின் ஆறும்போது ஒரு சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா? கூடவே லேசா ஆயில் கருகின வாசனை. இப்பவும் எங்கயாவது அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு ரோட்டோரப் புளியமரமும், அதுக்குக் கீழ சாப்பாட்டுப் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ரேவதியும்தான் கண்ணுல வரும்.

கல்யாணமான புதுசு. மேற்கு தாம்பரத்துல ரெண்டே ரூம் வீடு. அப்பா, அம்மா, பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கற தம்பி, அப்புறம் நாங்க. அந்த வீட்ல ரகசியம் பேசறதுக்கு வழியே கிடையாது. ரேவதி கிச்சன்ல என்கிட்ட மெதுவா "தலை வலிக்குதுங்க"ன்னு சொன்னா, ஹால்லேர்ந்து அப்பா "தைலம் டிவி மேல இருக்கும்மா"ம்பார்.

அவளுக்குக் கேளம்பாக்கத்துல ஸ்கூல் டீச்சர் வேலை. அதுக்குக் கொஞ்சம் தள்ளி என் ஆபீஸ். காலையில பைக்ல ஒண்ணாப் போவோம். எங்க ரெண்டு பேருக்கும்னு இருந்தது அந்தப் பயணம் மட்டும்தான்.

பைக் செகண்ட் ஹேண்ட். ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல சமத்தா வரும். வண்டலூர்ல லெஃப்ட் எடுத்து, ரோடு காலியா இருக்கேன்னு கொஞ்சம் முறுக்கினா போதும்... விக்கும், திணறும், அப்படியே நின்னுடும். பெரும்பாலும் அந்தப் புளியமரத்துகிட்டயே.

பெருங்களத்தூர் மெக்கானிக் பாபு அண்ணன் பிளக் மாத்தினார். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினார். இக்னிஷன் காயிலையும் மாத்தினார். அவர் கடை வாசல்ல மட்டும் எந்தக் குறையும் தெரியாது.

"இன்ஜின் ஹீட் ஆவுது சார். பழைய வண்டி, இன்னா பண்ண சொல்றீங்க? நின்னுச்சுன்னா ஓரங்கட்டிட்டு ஆற வுடுங்க. அப்பால எடுங்க."

சரின்னு ஆற விட்டோம். ஆறற வரைக்கும் பேசினோம்...

என்னென்னவோ. அவ கிளாஸ்ல தூங்கற பையன், என்னிக்கோ பொறக்கப்போற குழந்தைக்குப் பேரு, பால்கனி வெச்ச ஒரு வீடு. மார்கழியில ரோட்டுல பனி இறங்கியிருக்கும். எப்பவாவது ஜூ பக்கத்துலேர்ந்து சிங்கம் கத்தற சத்தம் காத்துல வரும். "பாவம், அதுக்கும் வண்டி நின்னுடுச்சு போல"ம்பாள். போதும்னு எழுந்து, பெட்ரோல் இருக்கான்னு டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு கிக் பண்ணுவேன். கிளம்பிடும்.

ஆனா ரேவதி ஸ்கூலுக்கு லேட்டாப் போறது அப்பாவுக்கு உறுத்திச்சு. "டீச்சரே லேட்டாப் போனா நல்லாவா இருக்கு? இதைத் தள்ளி விட்டுடு. அவ பஸ்ல போகட்டும், நீ ஆபீஸ் வேன்ல போ." ஞாயித்துக்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க ஆளும் வரச்சொல்லிட்டார்.

பைக் போனா போகட்டும், அந்தக் காலை நேரமும் போயிடுமே...

வெள்ளிக்கிழமைன்னா குளிச்சிட்டு வந்து வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கறது ரேவதியோட வழக்கம். டேங்க் மூடி வட்டமா, நடுநாயகமா இருக்கறதால அதுதான் நெத்தி. போன வாரப் பொட்டைத் துடைக்கவும் மாட்டாள், அது மேலயே புதுசு. அந்த வெள்ளிக்கிழமை பொட்டு வழக்கத்தை விடப் பெருசு.

அன்னிக்கும் மரத்தடியில நின்னுச்சு.

"ஆற விடல்லாம் டைம் இல்லைங்க, இன்னிக்கு எனக்கு அசெம்பிளி டியூட்டி"ன்னு சாவியைப் பிடுங்கி, பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தாள். ஸ்ஸ்ஸ்... டேங்க் மூச்சு இழுத்துச்சு. "கிக் பண்ணுங்க!"

ஒரே கிக். இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடுது.

"ஏங்க... அப்போ ஹீட்டே இல்லையா? நீங்க தினம் கடைசியா மூடியைத் திறக்கறீங்கல்ல, அதுலதான் கிளம்புது! எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் இறங்குமா? காத்துக்கு இன்னொண்ணு வேணும்ல?"

மூடியில காத்துக்குன்னு ஒரு சின்ன துளை இருக்கணும். தேடினோம். காணோம். இருந்ததெல்லாம் மாசக்கணக்கா இறுகிப்போன சந்தனம்!

நான் அவளைப் பார்த்தேன். அவ மூடியைப் பார்த்தாள். வளையல்ல மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி அந்தத் துளையைக் குத்திக் குத்தித் திறந்தாள். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாள். அப்புறம் குரல் மாறிடுச்சு. "வண்டி நம்மளை விட்டுப் போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தாங்க இன்னிக்குப் பெருசா வெச்சேன்..."

ஞாயித்துக்கிழமை வந்த ஆளுக்குக் காபி மட்டும் குடுத்து அனுப்பினோம். பொட்டு ஹெட்லைட்டுக்கு மாறிச்சு. வண்டி அதுக்கப்புறம் வழியில நிக்கவே இல்லை.

சில நாள் கழிச்சு, புளியமரத்தைத் தாண்டும்போது பின்னாலேர்ந்து சொன்னாள். "இப்பல்லாம் சீக்கிரம் வந்துடறோம்ல..." அதுல சந்தோஷம் இல்லை. எனக்கும்தான்.

இப்போ ஊரப்பாக்கத்துல பால்கனி வெச்ச வீடு. ரூமுக்கு ரூம் கதவு. கார்ல ஏசி. அதே ரோடுதான், அகலமாக்கினப்போ அந்த மரம் போயிடுச்சு. அவ ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல இருப்பாள், நான் ப்ளூடூத்ல ஆபீஸ் கால் பேசிட்டிருப்பேன். கேளம்பாக்கம் வந்ததே தெரியாது.

போன வெள்ளிக்கிழமை, மரம் இருந்த இடம் இதுதான்னு தோணின இடத்துல ஓரங்கட்டி ஆஃப் பண்ணேன்.

"என்னங்க ஆச்சு?"

"நின்னுடுச்சு."

டேஷ்போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனை ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நல்லா ஆறட்டும். அப்புறம் எடுக்கலாம்."