மூன்று நிமிட மேலாளர்

அந்த மருத்துவமனையின் மேலாளரை ஊழியர்கள் அவருக்குக் கேட்காத தொலைவில் 'மூணு நிமிஷம்' என்றே அழைத்தனர். பக்கவாதத்தைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்த நாள்முதல் அவர் வாயில் வேறு சொல் வந்ததில்லை. ஸ்கேன் எடுத்த மூன்றாம் நிமிடத்தில், மூளையின் எந்த இரத்தக் குழாயில் அடைப்பு என்று கணினி சிவப்பில் குறித்துக் காட்டும்; மருத்துவரின் கைபேசியும் அலறும். கருவியின்மேல் குறை சொல்வதற்கில்லை. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிதான் இவர்.

மேலாளர் முன்பு ஒரு கூரியர் கிடங்கில் இருந்தவர். அங்கே அவர் கற்றது ஒரே வித்தை: வண்டி தயாராகும்வரை பார்சலை 'வந்தது' என்று பதியாதிருந்தால், எந்தப் பார்சலும் தாமதமாவதில்லை. மனிதர்களும் அவருக்குப் பார்சல்களாகவே தெரிந்திருக்க வேண்டும். பக்கவாத நோயாளியின் பெயரைப் பதிந்தவுடன் ஸ்கேன் அறையில் மணி அடிக்கும். உள்ளே முழங்காலுக்குப் படம் எடுத்துக்கொண்டிருப்பவரை இறக்கிவிட்டு இவரை ஏற்ற வேண்டும். பெயர் பதிந்த நொடியிலிருந்து ஓடும் கணக்கில் அந்த நேரமெல்லாம் சேருமே! ஆகவே, அறை காலியான பிறகே பெயரைப் பதிய வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். நோயாளிகள் வராந்தாவில் கிடந்தனர். 'நோயாளி வந்தது முதல் அடைப்பைக் கண்டறியும்வரை சராசரி நிமிடங்கள்' என்று வாசற்பலகையில் இருந்த எண் மட்டும் மாதந்தோறும் இளைத்து அழகாயிற்று.

வேறு மருத்துவமனைகளின் நிர்வாகிகள் இந்த அழகைக் காண வந்திருந்த நாளில், மேலாளரின் அக்காள், திடீரென்று பேச்சுக் குழறிய தன் கணவரை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள். அவர் சந்தையில் ஏலம் கூவுபவர்; அந்தத் தொண்டைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைத் தொடவில்லை.

"பேர எழுதும்மா!"

"ஸ்கேன் ரூம் காலியாகட்டும்மா. அப்புறம்தான் பேர் போடணும்."

"பேர் போடறதுக்கு எதுக்கு ரூம்? நாங்க என்ன லாட்ஜுக்கா வந்திருக்கோம்?"

ஏலக்காரர் வந்து இறங்கியபோது, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்று குழறலாகவேனும் சொன்னார். காத்திருக்கக் காத்திருக்கச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. "ஒரு தரம்… ஒரு தரம்…" என்பது மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்றது.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, விருந்தினருக்கு முன்னால் மேலாளர் படியிறங்கி வந்தார்.

"டேய் தம்பி! போன் அடிச்சா எடுக்க மாட்டியா? மாமாவுக்கு வாய் கோணிக்கிட்டுப் போகுது, பாருடா!"

மேலாளர் மாமாவைப் பார்த்தார். ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தார். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த விருந்தினரையும் பார்த்தார். மூன்றில் எது அவருக்குப் பெரிதாகப் பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

"கத்தாதக்கா, பெரிய மனுஷங்க வர்றாங்க. உள்ள இருக்கறவர் வெளிய வரட்டும், மாமாவ ராஜ மரியாதையா அனுப்பறேன்."

"ராஜ மரியாதைய அவங்களுக்கே குடு. இவரக் காப்பாத்துடா, போதும்!"

முழங்கால்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் பெயர் பதியப்பட்டது. கருவி தன் வேலையைத் தவறாமல் செய்தது. மூன்றாம் நிமிடத்தில் திரையில் சிவப்புப் புள்ளி தோன்றியது. விருந்தினர் கைதட்டினர். கைதட்டலை மேலாளர் தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டார். மருத்துவர் ஓடிவந்து அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினார்.

மறுநாள் மருத்துவர் அக்காளைத் தம் அறைக்கு அழைத்தார். மேலாளரும் உடன் போய் நின்றார்.

"உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா பேச்சு திரும்பறது கஷ்டம். ஒரு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"முன்னாடியே வந்துட்டோமே டாக்டர்! உங்க வராந்தாவுலதான கெடந்தாரு."

மருத்துவர் கணினியைப் பார்த்தார். "வந்த உடனே ஸ்கேன் எடுத்ததாத்தான் இதுல இருக்கு."

அக்காள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்தியே. சொல்லுடா."

இரண்டே சொற்களில் சொல்லியிருக்கலாம். அந்த உத்தரவும் அன்றே ஒழிந்திருக்கும். அடுத்து வருபவனுக்காவது நாக்கு மிஞ்சியிருக்கும். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்காவுக்குப் பதட்டத்துல நேரம் புரியல டாக்டர். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குக்கூடக் கொஞ்சம் சோறு தேவைப்படும். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

அக்காள் அழவில்லை. "டாக்டர், இந்த ஆள வெளிய போகச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு இவர யாருன்னு தெரியாது. நேத்து நடந்தத நான் மொதல்லேர்ந்து சொல்றேன். அந்தப் பேர் எழுதற பொண்ணையும் கூப்பிடுங்க."

மருத்துவர் கைபேசியை எடுத்துப் பதிவு மேசைக்கு எண் அழுத்தினார். மேலாளர் தம் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, விருந்தினரை வழியனுப்ப வேண்டும் என்றார். விருந்தினர் முந்தின நாளே போய்விட்டிருந்தனர்.