பாடியைக் கழற்றச் சொன்னவன் நான்

நாமக்கல்லுக்கு வெளியே புல் முளைக்காத பாறைக்காட்டில் தகரக் கொட்டகை போட்டு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்தவன் நான். அங்கே கம்பம் நிற்காது என்று ஊரே சிரித்தது. கடப்பாரையை வாங்கி நானே குழி போட்டேன். வெல்டிங் சொல்லித்தர ஆளில்லை. அடுத்தவன் பட்டறை வாசலில் நின்று பார்த்துக் கற்றேன். காற்றில் கொட்டகை சாய்ந்தது, மறுபடி நிறுத்தினேன். கிணறு வெட்டினேன், வீடு கட்டினேன், மகனைத் தொழிலில் நிறுத்தினேன், மகளை இன்ஜினியர் ஆக்கினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. வடக்கே எந்த ஊர் லாரிப்பேட்டையில் என் வண்டி நின்றாலும், முகப்பைப் பார்த்தே இது யார் கட்டியது என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தவனைப் பார்த்து, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கெடுத்துவிட்டாய் என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையில் நிற்க முடியவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். நான் சும்மா உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டு வண்டிகள். பார்க்க டப்பா மாதிரி இருந்தன. "இதெல்லாம் ஒரு வண்டியாங்க மாப்பிள்ளை?" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டறைக்குப் போய் எங்கள் வண்டியைப் படம் பிடித்து வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முகப்புப் பலகையின் சாய்வு, விளக்கு வரிசை, பக்கப்பலகையின் உயரம், எந்த இடத்தில் எந்த வர்ணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் வரைந்தார். இப்படி நாமே செய்து சேர்ப்பதற்கு மோட் என்று பெயராம். அதை இன்டர்நெட்டில் தன் பக்கத்தில் போட்டார். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ இருந்து எடுத்து ஓட்டினார்கள்.

ஒன்று மட்டும் குறை. எந்தப் பட்டறையும் பின்கதவுக்குக் கீழே தன் பெயரை எழுதாமல் வண்டியை வெளியே விடாது. விளையாட்டு லாரியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"என்ற பேரு எங்கங்க மாப்பிள்ளை?"

"அப்புறம் போட்டுக்கலாங்க மாமா. எழுத்து பொடிசாத் தெரியும்."

பொடிசாகத் தெரிந்தால் என்ன? என் பெயர்தானே. மாப்பிள்ளையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் பட்டறையில் சுத்தியல்கூடத் தூக்க மாட்டோம். கருவிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் வரைக்கும் ஓய்வு. கம்ப்யூட்டரும் கருவிதான், அதற்குள் என் லாரியும் இருக்கிறது. பெட்டிக்குப் பொட்டு வைத்து, பூ சாத்தி, மெயின் சுவிட்சை அமர்த்தினேன்.

மறுநாள் விளையாட்டைத் திறந்தால் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது, திரை கறுத்தது, அப்படியே மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினாலும் அதேதான்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நேத்து அப்டேட் வந்துருக்குதுங்க மாமா. நீங்க நடுவுல மெயினை அமத்திப்போட்டீங்களாட்ட இருக்குது."

மகள் உடனே சேர்ந்துகொண்டாள். "ஏம்ப்பா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அவரு யாரைக் கேட்டாரு? பொட்டு வெக்கறேன்னு அந்த ஓட்டைக்குள்ள சந்தனத்தை அப்பியிருப்பாரு."

"நான் ஓட்டையில வெக்கல புள்ளே, மேல வெச்சேன்!"

"மேல வெச்சது உள்ள எறங்கியிருக்கும்."

மகனாக இருந்தால் நாலு வார்த்தையில் அவன் வாயை அடைத்திருப்பேன். மாப்பிள்ளையிடம் 'ங்க' போட்டுத்தான் கோபப்பட வேண்டும். அது இன்னும் எரிச்சல். "நான் கெடுக்கலைங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அவர் என்னென்னவோ செய்தார். அணைத்துப் போட்டார். திரைக்கு ஏதோ டிரைவர் என்றார், அதைப் புதுப்பித்தார். கோப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று விளையாட்டையே சரிபார்க்க விட்டார். எல்லாம் சரி என்றது. கடைசியில் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினார். திறந்தால் அதே வட்டம், அதே கறுப்பு. வீட்டுக்கு வந்த ஆட்களிடமெல்லாம் என் மனைவி இதைச் சொல்லிச் சிரித்தாள். பட்டறையிலிருந்து மகன் போனில் கேட்டான்: "ஏனுங்கப்பா, கம்ப்யூட்டருக்குத் தேங்கா ஒடச்சீங்களாமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக மாப்பிள்ளை மேசைக்குப் போனேன்.

"எல்லாத்தையும் அழிச்சீங்களே, நம்ம லாரியையும் அழிச்சீங்களா?"

"இல்லீங்க மாமா. மோடெல்லாம் தனி ஃபோல்டர். அது அப்படியேதான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப பாடியைக் கழட்டாமயே சேஸிஸை மாத்தியிருக்கீங்க."

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். கம்பெனியிலிருந்து வண்டி எங்களுக்கு வெறும் எலும்பாகத்தான் வரும். அந்த இரும்புச் சட்டமும் எஞ்சினும் சேர்ந்ததுதான் சேஸிஸ். மேலே இருக்கிற பாடி நாங்கள் கட்டுவது. ஒரு முறை கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் சட்டத்தில் துளைகளை இடம் மாற்றிவிட்டான். பழைய அளவில் கட்டி வைத்திருந்த பாடி சரியாக உட்காராமல், வண்டி நகரவில்லை. எஞ்சினைக் குடைந்தவனெல்லாம் குடைந்துகொண்டே இருந்தான். நான் பாடியைக் கிரேனில் தூக்கி ஓரம் வைத்து, வெறும் சேஸிஸில் பலகை போட்டு உட்கார்ந்து ஓட்டிக் காட்டினேன். ஓடியது. கோளாறு எங்கே என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"நம்ம சேத்ததை எல்லாம் எறக்கி ஓரமா வையுங்க. கம்பெனி அனுப்புன வெறும் வண்டியை ஓட்டுங்க. ஓடுனா, ஒவ்வொண்ணா ஏத்துங்க."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள், "செஞ்சுதான் பாருங்களே" என்றாள்.

அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அழுத்தினார். வட்டம் சுற்றியது. பாட்டு வந்தது. விளையாட்டு திறந்துகொண்டது.

"இப்பச் சொல்லுங்க. மெயினை அமத்துனதுல கெட்டுப்போச்சா?"

என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை முன்பே சேர்த்து வைத்திருந்த ஹாரன் சத்த மோடை முதலில் ஏற்றினார், திறந்தது. நாமக்கல் ரோட்டை ஏற்றினார், திறந்தது. என் லாரியை ஏற்றினார். திரை கறுத்து மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "கடைசீல உங்க வண்டிதானுங்க மாமா!"

அடுக்களையிலிருந்து உடனே குரல் வந்தது. "நான் சொன்னனா இல்லியா, இவராலதான்னு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. "வண்டி மேல குத்தஞ் சொல்லாதீங்க மாப்பிள்ளை. பாடி முந்தியும் இப்படித்தான் இருந்துச்சு. தொளையை மாத்துனவன் அந்த வெளையாட்டுக் கம்பெனிக்காரன். முகப்பு வெளக்கு எங்க மாட்டுது பாருங்க."

முகப்பு விளக்கை ஏன் சொன்னேன் என்றால், எதையும் தாங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கிற பாகம் அதுதான். கம்பெனிக்காரன் துளையை மாற்றிய அன்றைக்கும் முதலில் இடித்தது அதுதான். அவர் பொறுமையாகத் தேடினார். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். புதிய அப்டேட்டில் விளக்கு மாட்டும் இடங்களை அவர்கள் வேறு விதமாக வைத்திருந்தார்கள். எங்கள் விளக்கு வரிசை பழைய இடத்தைத் தேடி, அது இல்லாததால் விளையாட்டே மூடிக்கொண்டிருக்கிறது. அவர் அதை மாற்றி எழுதினார். லாரி வந்து நின்றது, எல்லா விளக்கும் எரிந்தது. நான் அதைச் சேலம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.

இத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுநாள் மாப்பிள்ளை சரிசெய்த லாரியைத் தன் பக்கத்தில் போட்டார். மகளைப் படிக்கச் சொன்னேன். புது அப்டேட்டுக்குப் பின் திறக்காதவர்கள் மோடெல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். என் வார்த்தை. ஓட்டிப் பார்த்துச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தார். யாரோ ஊர் தெரியாத ஆட்கள். நான் இல்லை.

"வண்டியைக் காட்டு கண்ணு" என்றேன். காட்டினாள். பின்கதவுக்குக் கீழே, வெறுமையாக இருந்த அந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டிருக்கும் பட்டப்பெயர்.

பட்டறைக்காரன் பெயர் வருகிற இடம் அது. வண்டி வாங்கியவன்கூட அதில் கை வைக்க மாட்டான்.

மாப்பிள்ளைக்கு இதைப் பேச்சில் சொன்னால் 'ங்க' போட்டுச் சொல்ல வேண்டும், அவரும் 'ஆகட்டுங்க மாமா' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதனால் எழுதியே வைக்கிறேன். படம் வரைந்தது நீங்கள், விளக்கை மாற்றி மாட்டியது நீங்கள். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பாடி என்னுடையது. அதைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவனும் நான். மெயினை அமர்த்தியதால் கெடவில்லை என்று அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். பின்கதவுக்குக் கீழே இருப்பதை அழித்துவிட்டு, மஞ்சளில் சிவப்புக் கரை கட்டி, என் பெயரை எழுதுங்கள். பொடிசாக வேண்டாம்.