ஒரெஸ்தேயின் இரண்டு பிறந்த தேதிகள்

அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே சமவெளியில் ஒரு சிற்றூரின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் எல்விரா மாஸ்ட்ரோகோலா இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தாள். வங்கிகள் கதவடைத்த ஆண்டுக்குப் பிறகு அங்கே கூட்டம் ஓயவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரைக்கூடச் சரியாக அறியாதவர்கள் முன்னோரின் நாட்டுக் குடியுரிமை கேட்பதற்கு அவருடைய சான்றிதழுக்காக வரிசையில் நின்றார்கள். சிலர் தந்தை வழியில் இத்தாலியையும் தாய் வழியில் ஸ்பெயினையும் பெற்று, அர்ஜென்டினாவோடு சேர்த்து மூன்று நாட்டுக் குடிமக்களாகக் கிளம்பிப் போனார்கள். எல்விரா முத்திரை குத்திக் கொடுத்தாள். அதில் மகிழவும் இல்லை, வருந்தவும் இல்லை.

பிறகு அவள் வீட்டு முறை வந்தது. மகள் ஹிமேனாவுக்கு இத்தாலியில் தூரின் நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. டிசம்பருக்குள் இத்தாலியக் குடியுரிமையோடு போய்ச் சேர வேண்டும். தாள்களை அடுக்கிப் பார்த்தபோது ஓரிடத்தில் இடித்தது. எல்விராவின் தாத்தா வித்தோரியோ அர்ஜென்டினா குடிமகனானது 1927 ஏப்ரலில். அவளுடைய அப்பா ஒரெஸ்தே பிறந்ததாகப் பதிவாகியிருப்பது அதே ஆண்டு ஆகஸ்டில். மகன் பிறக்கும்போது தந்தை இத்தாலியராக இருந்திருந்தால்தான் உரிமை தொடரும்.

ஆனால் ஒரெஸ்தேயின் பிறந்தநாளுக்கு வீட்டில் ரவியோலி செய்வது ஜனவரி பதினேழில். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால், பண்ணைக்காரர்கள் ஏழெட்டு மாதக் குழந்தையைப் போன வாரம் பிறந்ததாகச் சொல்லிவிடுவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவிலும் ஜனவரிதான் இருந்தது. நீதிபதி தேதியைத் திருத்தலாம். ஒரெஸ்தே நேரில் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர் மாட்டேன் என்றார். எழுபத்தாறு வயது. மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை வழக்கம்போல் அவளிடம் நீட்டாமல் தானே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அபராதத்துக்காகன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"ஊரே அப்படித்தானேப்பா பண்ணிச்சு."

"எங்கப்பா வேணும்னேதான் காத்திருந்தாரு. அவரு கையில குடியுரிமைத் தாள் வந்தப்புறந்தான் என்னைப் பதியணும்னு இருந்தாரு. எம்புள்ள இந்த நாட்டுக்காரனுக்குப் பொறந்தவனா இருக்கணும்னாரு. இப்ப நான் போய் அதை அழிக்கணுமாக்கும்."

ஒருவன் தன் மகனுக்குக் கொடுக்க நினைத்தது, அந்த மகனின் பேத்திக்குக் குறுக்கே நின்றது. இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று எல்விராவால் சொல்ல முடியவில்லை. ஹிமேனா தாத்தாவிடம் கெஞ்சவில்லை. தூரின் வேலையை விட்டுவிடுவதாக மட்டும் சொன்னாள். நான்காம் நாள் காலையில் ஒரெஸ்தே கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

நீதிபதி ஓர் இளம் பெண். ஜனவரியில் பிறந்த குழந்தையை ஆகஸ்டில் ஏன் பதிந்தார்கள் என்று கேட்டாள்.

"அபராதத்துக்குப் பயந்துதாங்க. எங்கப்பா சரியான கஞ்சன்," என்றார் ஒரெஸ்தே.

எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டார். நீதிபதி லேசாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் கேட்ட நான்காவது கஞ்சன்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எல்விரா கேட்டாள்.

"அவங்களுக்கு வேண்டியது தேதி. குடுத்துட்டேன். மத்தது அவங்க ஃபைலுக்கு எதுக்கு?"

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. பழைய பதிவேட்டின் ஓரத்தில் திருத்தத்தை எழுத வேண்டியவள் எல்விராதான். புதிய தேதியை எழுதினாள். அதன் கீழே, காரணம்: அபராதம் தவிர்த்தல் என்று எழுதி, முத்திரை குத்தினாள்.