ஐஸ்பெட்டிக்குள் நழுவிய லாக்

கருங்குழி பிரிசில்லாவுக்கு என்ன வேலை என்று அவள் அம்மா மேரியைக் கேட்டால், "படகுக்குப் பொட்டி செய்யுது" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. கூலிக்கு நடவு போன குடும்பத்தில் முதன்முதலாக இன்ஜினியரிங் முடித்த பெண். செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அங்கே செய்கிற பெட்டி, கடலுக்குப் போன படகுக்குச் செயற்கைக்கோளிலிருந்து புயல் எச்சரிக்கையை வாங்கித் தரும். தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

பெட்டிக்குள் ஒரு குட்டிக் கடிகாரம் ஓடுகிறது. வானத்திலிருந்து வரும் அலையோடு அது ஒத்து ஓடினால்தான் சேதி விழும். அந்தப் பிடிக்கு லாக் என்று பேர். அலையை எவ்வளவு வேகமாகத் துரத்துவது என்பது லூப் பேண்ட்வித். அகலமாக வைத்தால் சட்டென்று சிக்கும், ஆனால் கண்ட இரைச்சலும் உள்ளே வந்து சேதி கந்தலாகிவிடும். குறுக்கினால் சேதி சுத்தம், ஆனால் கடிகாரம் சட்டென்று தடம் மாறினால் பிடி நழுவிவிடும். அதனால் அகலமாகப் பிடித்து, பிறகு குறுக்க வேண்டும். குறுக்குகிற நொடியிலும் பிடி விடக் கூடாது. சொல்வதற்கென்ன, செய்கிறவளுக்கல்லவா தெரியும் பாடு!

ஆபீஸ் மேஜையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தேவனேரி அரசுவின் ஃபைபர் படகில் வைத்த பெட்டி மட்டும் தினமும் நடுக்கடலில் லாக்கை விட்டது. ஆன்டெனா சரியில்லை, ஒயர் சரியில்லை என்று ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். கடைசியில் பிரிசில்லாவே கரைக்குப் போய் நின்றாள். படகு கரையேறியதும் அரசு ஐஸ்பெட்டியைத் திறந்து, மீனுக்கு நடுவிலிருந்து அவள் பெட்டியை உருவி எடுத்தான். ஆன்டெனா கம்பில்தான் இருந்தது. ஒயர் மட்டும் மூடி இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

"இன்னாண்ணா இது, ஐஸ்ல வெச்சிகினு கீறீங்க?"

"வேற எங்க வெக்கறது? படகுல மூடி போட்டது இது ஒண்ணுதான் கீது. வெளிய வெச்சா வலையில மாட்டிகினு தண்ணிக்குள்ள பூடும்."

வலை இழுத்ததும் மீனைக் கொட்டி, மேலே ஐஸை வாரி இறைப்பார்கள். பெட்டி சில்லிடும். உள்ளே கடிகாரம் தடம் மாறும். குறுக்கி வைத்த பிடி அதோடு ஓட முடியாமல் விட்டுவிடும். இத்தனை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது இதற்குத்தானா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடிகாரம் தடம் மாறத் தொடங்கியதுமே பிடி தானாக அகல வேண்டும், அடங்கியதும் மறுபடி குறுக வேண்டும். எழுதிப் பார்த்தாள். அகலும்போதே லாக் போனது. கடிகாரம் எவ்வளவு விலகியது என்று அதுவரை சேர்த்து வைத்த திருத்தத்தைப் புதிய அளவுக்கு அப்படியே கைமாற்றாமல் விட்டிருந்தாள். அதைச் சரிசெய்து, ஒரே தாவலாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அகல விட்டாள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வந்து பக்கெட்டில் பெட்டியைப் புதைத்தாள். ஆபீஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. லாக் நழுவாமல் நின்றது! அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது.

மேனேஜர் பாலசுப்ரமணியன் பார்த்துவிட்டு, "பிரமாதம் பிரிசில்லா. ஆனா லேட்டு" என்றார். "எல்லாப் பெட்டியும் பிசின் ஊத்தி மூடியாச்சு. உள்ள இருக்கிற ப்ரோகிராமை இனிமே தொட முடியாது."

"சார், கடல்ல அதுல லாக் நிக்காது."

"ஐஸ்ல வைக்காதீங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"படகுல வேற எடமே இல்ல சார்."

அவர் ஸ்டிக்கருக்கு ஆர்டர் எழுதத் தொடங்கினார். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பாள். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ஸ்டிக்கர் அச்சாகி வந்தது, நல்ல பளபளப்பான ஸ்டிக்கர். அதை ஒட்டிய பெட்டிகள் தேவனேரிப் படகுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

மிஞ்சியது பக்கெட்டில் புதைத்த அந்த ஒரு பெட்டிதான். அதை எடுத்துக்கொண்டு தேவனேரிக்குப் போனாள். "இது ஒண்ணுதாண்ணா ஐஸ்லயும் சேதி வாங்கும். புதுசா குடுத்ததெல்லாம் ஐஸ் பட்டா சேதிய விட்டுடும்" என்று ஒளிக்காமல் சொன்னாள்.

அரசு பெட்டியை வாங்கிக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தான். வரிசையாகப் படகுகள். பூவராகவன் தன் படகில் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"அப்ப அவனுங்களுக்கு?"

"ஒங்களுக்குச் சேதி வந்ததும் நீங்க அவங்களுக்குச் சொல்லிடுங்கண்ணா."

"எப்டிம்மா? போனு அங்க எடுக்காது. கத்தித்தான் சொல்லணும்."

"கத்துனா கேக்குமா?"

அவளை ஏமாற்ற அரசுவுக்கு மனசு வரவில்லை.

"காத்து இல்லாதப்ப நல்லா கேக்கும்மா" என்றான்.