வெல்லம் போட்ட மோர்

என் தங்கையின் புருஷனுக்கு அந்த வாரம் முழுக்க மோர்தான் சாப்பாடு. வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அந்த வயிற்றோடு அவன் தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஒரு வாரம் வேலை செய்து காட்டவேண்டும். காட்டினால் பழைய வேலை. இல்லையென்றால் அன்ஃபிட், வேலைக்கு ஆகாதவன். அன்ஃபிட் என்றால் ஊரிகத்தில் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீடும் போய்விடும். தங்கைக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

நானும் அவனும் ஒரே கேங். பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. மரத்தின் ஒரு முனை நான், மறு முனை அவன். ஒருவன் கை விட்டால் மற்றவன் கால் போகும். அதனால் மேஸ்திரி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் விடமாட்டார்.

"மச்சானாச்சேன்னு பாவம் பாக்கறயா? கால் போனா உன்ன யாரு பாப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது சரிதான்.

மச்சானுக்கு வந்தது டைபாய்டு. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தான். மருந்து காய்ச்சலை நிறுத்தியது. கூடவே வயிற்றையும் கெடுத்துவிட்டது. கஞ்சி குடித்தாலும் எழுந்து ஓடினான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தங்கையிடம் சொன்னார்.

"வயித்துல கெட்ட கிருமியும் இருக்கும், நல்ல கிருமியும் இருக்கும்மா. மருந்து ரெண்டையும் சேத்துக் கொன்னுடுச்சு. நல்லது மறுபடி உள்ள குடியேறணும். அது மோர்ல இருக்கு. தண்ணியா கரைச்சு, கொஞ்சம் உப்பு போட்டுக் குடுங்க. காரம் கூடாது."

கிருமி என்றாலே கெட்டது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் மச்சான் சிரித்தான்.

"பாத்தியா மச்சான். கிருமிக்கு என் வயித்துல லைன் வீடு குடுக்கறாங்க. நம்மளத்தான் காலி பண்ணச் சொல்லுவாங்க."

தங்கை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை மோர் இல்லை. வீடு பூட்டிக் கிடந்ததில் சட்டியில் இருந்தது பூசணம் பிடித்துவிட்டது. பாலை வாங்கிக் காய்ச்சினாள். அதற்குள் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்துவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு எங்கள் லைனில் உறை மோர் தரமாட்டார்கள். வீட்டு லட்சுமி கூடவே போய்விடுமாம். தங்கையும் யாருக்கும் தந்ததில்லை. அன்றைக்குக் கதவு கதவாகப் போய்க் கேட்டாள்.

"காலைல வாம்மா."

விடிந்தால் அவன் வேலைக்கு இறங்கவேண்டும். காலையில் உறை ஊற்றினால் ஷிப்டுக்கு ஆகாது.

கடைசி வீட்டில் இருந்தவர்கள் பௌத்தர்கள். எங்கள் பக்கத்தில் சிலர் அங்கே தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பார்கள். தங்கை வாசலில் நின்றாள். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா?"

"ஒற மோரு கொஞ்சம் வேணும்க்கா. வெளக்கு வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன். இல்லன்னா இருட்டுல உனக்கு எப்டி ஊத்தறது? கிண்ணத்தப் புடி."

அந்த அம்மாவின் புருஷனும் எங்கள் கேங்தான். அதிகம் பேசமாட்டார்.

மோர் நல்லபடி அமைந்தது. இரண்டு மூன்று நாளில் மச்சானின் ஓட்டம் குறைந்தது. ஆனால் வேறொரு தொல்லை. தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போவான். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஆள் மேல் ஆள் நெரிப்போம். மூடி நழுவி மோர் சட்டையில் கொட்டும். ஒரு நாள் முக்கால்வாசி கொட்டிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு மரத்தில் அவன் முனை தாழ்ந்துகொண்டே வந்தது. பசி தாங்காமல் என் சோற்றில் ஒரு பிடி தின்றான். தின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி விளக்கை அவன் முகத்தில் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதைக் கேட்டுவிட்டுத் தங்கை ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் கனத்த பிராந்தி பாட்டில் ஒன்று வாங்கிவந்தாள். மறுநாள்தான் வாரத்தின் கடைசி நாள். விடியலில் அவளுக்கு மயக்கம் வரும். அதனால் முந்தின சாயங்காலமே மோரைக் கரைத்து ஊற்றிவைத்தாள். தெம்புக்கு இருக்கட்டும் என்று ஒரு கட்டி வெல்லத்தை நுணுக்கிப் போட்டாள். கார்க்கை அடித்து இறுக்கினாள். மேலே துணி வைத்து நூலால் கட்டினாள்.

"இப்ப எவன் மேல சாஞ்சாலும் கொட்டாது" என்றாள்.

கொட்டவில்லை.

நாங்கள் வேலை செய்த லெவல் வெகு ஆழம், பாறையைத் தொட்டால் சுடும். மச்சான் பாட்டிலைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். வேலை ஆரம்பித்தோம். அந்தச் சூட்டில் மோர் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய மரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம். என் முனை கீழே. நான் மண்டிபோட்டு, அடியில் ஆப்பு வைத்துக்கொண்டிருந்தேன். மேல் முனை மச்சான் தோளில். கூட இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

பட்டென்று வெடித்தது.

அந்த ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்போம். அதில் போனவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். சத்தம் கேட்டால் நிற்கக்கூடாது. யோசிக்கவும் கூடாது. ஓடவேண்டும். கைகொடுத்த இரண்டு பேரும் ஓடினார்கள். மேஸ்திரியும் கேஜ் பக்கம் ஓடினார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மரம் என் தொடைக்கு மேல் நின்றது.

மச்சான் விடவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"கால இழு மச்சான்."

இழுத்தேன்.

"இழுத்துட்டியா?"

"ஆச்சு. விடு."

விட்டான். மரம் விழுந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்தான்.

அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. கல் விழவில்லை. தூசி இல்லை. புளித்த வாடை வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி சுவரில் விளக்கை அடித்தார். வெள்ளை வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. பாட்டிலின் கழுத்து உடைந்து கிடந்தது. கார்க்கைக் காணோம். சூட்டில் வெல்லம் புளித்துப் பொங்கி, இறுக்கிய பாட்டிலை உடைத்திருந்தது.

"இன்னாடா இது?"

"மோருங்க" என்றேன்.

அப்புறம் ஒருவன், "ஏர் பிளாஸ்ட் பாத்துகீறோம். மோர் பிளாஸ்ட் இப்பத்தான் பாக்கறோம்" என்றான். இன்னொருவன், "மேஸ்திரி ஓடனத பாத்தியா? மேல போக கேஜுக்கே மணி அடிச்சிருப்பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய சாப்பாடு அதுதான். அவன் உதடு வெளுத்திருந்தது. மேஸ்திரியும் அதைப் பார்த்தார்.

"பாதி ஷிப்ட் கீது. முடியுமா? முடியலன்னா இப்பவே சொல்லிடு. மரம் தூக்கும்போது சொல்லாத."

நான் என் தூக்கைப் பார்த்தேன். களியும் கருவாட்டுக் குழம்பும். அதைக் கொடுத்தால் அன்றைக்குப் போலத்தான் ஆகும்.

கடைசி வீட்டுக்காரர் தன் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடி."

மச்சான் தயங்கினான். "வேற மோரு வயித்துக்கு ஒத்துக்குமோ இன்னாமோ. டாக்டர் பாத்துக் குடிக்கச் சொன்னாருண்ணா."

"வேற மோரா? ஒற எங்க ஊட்டுதுபா. ஒரு வாரமா நீ குடிக்கிறதே இதான்."

மூடியைத் திறந்தார். மேலே பச்சை மிளகாய் மிதந்தது. அவரே அதைப் பார்த்து, "சே" என்றார். சாப்பாடு கட்டிவந்த துணியை உதறி, மூடியின் மேல் விரித்துப் பிடித்தார். நான் ஊற்றினேன். மிளகாய் துணியில் நின்றது. தன் தண்ணீரை விட்டு இன்னும் நீர்க்க வைத்தார்.

மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே போகுமா, திரும்பி வருமா என்று மேஸ்திரிகூட நின்று பார்த்தார்.

தங்கியது.

மறுபடி மரத்தைத் தூக்கினோம். மச்சான் தன் முனைக்கே போனான். எனக்குத்தான் கை வியர்த்தது. ஷிப்ட் முடியும் வரை அவன் முனை தாழவில்லை. கேஜுக்கு நடந்தே வந்தான். வழியில் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். பிடிக்கப் போகவில்லை. மேஸ்திரி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கேஜில் மேஸ்திரி என்னிடம்தான் பேசினார்.

"நாளையிலருந்து அவன் அந்த முனையிலயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"பாட்டில் எங்கண்ணா?"

"ஒடஞ்சிடுச்சு."

"மோரு குடிச்சாரா?"

"குடிச்சாரு. வேல நெலைச்சிடுச்சு."

தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "நாளைக்கு எதுலண்ணா ஊத்தறது?" என்று கேட்டாள்.

"தூக்குலயே ஊத்து. நான் புடிச்சிக்கறேன். வெல்லம் மட்டும் போடாத" என்றேன்.