மூன்று குரல்களும் செஞ்சி குவார்ட்டர்ஸும்

என் பேரன் வயதுப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பழைய இங்கிலீஷ் பாட்டு ஆல்பத்தைத் தேடிக் கேட்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மூன்று ஆண்கள், இரண்டு கிதார்கள். ஒரே பாட்டை ஆளுக்கொரு மெட்டில், ஆனால் சேர்ந்து பாடுவார்கள். அறுபதுகளின் கடைசியில், செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது அது எங்கள் கைக்கு வந்தது.

எங்கள் என்றால், நானும் என்னோடு குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் இருந்த இன்னொரு நர்ஸும். நான் தொண்டூர்க்காரி. அவள் பாளையங்கோட்டைப் பக்கம். சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள். பிளாக் ஆபீஸில் கோழி வளர்ப்பு சொல்லித்தர வந்திருந்த அமெரிக்கப் பெண் ஒருத்தியை மஞ்சள் காமாலையில் கிடந்தபோது நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஊர் திரும்பும்போது அவள் தன் ரெக்கார்டு பிளேயரையும், தன்னிடமிருந்த அந்த ஒரே இசைத்தட்டையும் எங்களிடம் விட்டுப் போனாள்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. வாட்ச்மேன் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, "இன்னா சிஸ்டர், மூணு பேரும் ஒரே நேரத்துல பேசுறானுங்க?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வருடம் மழைக்குப் பிறகு காலரா வந்தது. விடிந்ததும் ஜீப்பில் ஏறினால் அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று ஊர் ஊராகத் தடுப்பூசி. திரும்பி வந்தால் வார்டில் தரையிலும் ஆட்கள். ஊசி போட்டுப் போட்டுக் கட்டைவிரல் மரத்து, சோற்றைப் பிசையக்கூட முடியாது. மதியம் டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் அவள் இசைத்தட்டை ஓடவிடுவாள். இருவரும் வெறும் சிமெண்ட் தரையில் படுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து திருப்பிப் போடத் தெம்பு இருக்காது. முள் நடுவில் கர்கர் என்று உரசிக்கொண்டே கிடக்கும். வாரக்கணக்கில் முதல் பக்கத்தை மட்டுமே கேட்டோம்.

ஒருநாள் ஒரு தாயையும் மகளையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தாய்க்கு சலைன் ஏற்ற நரம்பே கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவள் போய்விட்டாள். மகள் பிழைத்துக்கொண்டாள். அம்மா எங்கே என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

அறைக்கு வந்து படுத்தபோது அழுகைகூட வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகும் குரலுக்கு அடியில் இன்னொருவன் அதிகம் ஏறாமல், இறங்காமல் பாடிக்கொண்டிருப்பது அன்றுதான் என் காதில் விழுந்தது. பாட்டு முடியும்வரை அவன் பின்னாலேயே போனேன். சொற்கள் ஒன்றும் புரியவில்லை. அவர்களும் எங்களைப் போலக் களைத்துப்போய், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆல்பத்தை மக்கள் விடாமல் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

அடியில் ஒரு குரல் இருக்கிறதே என்று அவளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"கொயர்ல நான் பாடுனது அந்த மாதிரிக் குரல்தான். ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. காய்ச்சல்ல ரெண்டு வாரம் போகல, கொயர்க்காரங்க வீட்டுக்கே வந்து நின்னாங்க."

அதன்பிறகு ஸிரிஞ்சுகளைக் கொதிக்கவைக்கும் நேரத்தில் இருவரும் பாடிப் பார்த்தோம். அவள் மேல்குரல், நான் கீழ்க்குரல். ஒவ்வொரு முறையும் நான் வழுக்கி அவள் மெட்டுக்கே போய்விடுவேன். ஒரே ஒரு காலை, ஒரு பாட்டின் பாதிவரை கீழ்க்குரலிலேயே தனியாக நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

காலரா அடங்கிய கையோடு அவளுக்கு ஊர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபர் வந்தது. அவள் கேட்டு வாங்கியதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிளேயரை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று துணிசுற்றி வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அதை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"எங்க ஊர்ல கொயர் இருக்கு. உனக்கு இங்க என்ன இருக்கு?" என்றாள்.

பஸ் கிளம்பியதும் பிளேயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். வெயிலில் கோட்டை மலைப் பாறைகள் அனலாகக் கொதித்தன. அன்று பிரசவ வார்டில் டியூட்டி. அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் பிறந்தன.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கொயரில் மறுபடியும் சேர்ந்துவிட்டாளாம், அம்மா தேறிவருகிறாராம், அந்த ஆஸ்பத்திரியில் உட்காரவே நேரமில்லையாம். நான் ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டேன். காலரா போய் இப்போது அம்மை தொடங்கிவிட்டது, பாட்டைப் போட்டால் புதிதாக வந்த நர்ஸ் குறட்டை விடுகிறாள் என்று.